எந்தக் கப்பலில் நாம் உள்ளூர்க்காரர்?

வாசகர் கேள்வி: "ஐயா, எனக்கு ஊர் தூத்துக்குடி. வயது 21. ஆறு மாத ஜிபி ரேட்டிங் (அதிகாரி நிலைக்குக் கீழே உள்ள மாலுமி) படிப்பை முடித்து 14 மாதம் ஆகிறது. சிடிசி என்ற மாலுமிப் புத்தகம் கையில் இருக்கிறது, கப்பல்தான் கிடைக்கவில்லை. சென்னையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு நேரில் போய்க் கேட்டேன். 'எங்கள் கப்பல்களில் ரேட்டிங் எல்லாம் பிலிப்பைன்ஸ் ஆட்கள்தான்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு நம் ஆளை எடுக்க மாட்டோம் என்பது என்ன நியாயம்? இந்த நாட்டு ஆள், அந்த நாட்டு ஆள் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒரு ஏஜென்ட் நாலரை லட்சம் கொடுத்தால் இரண்டே மாதத்தில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். அம்மாவின் நகையை வைத்து ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மீதியைக் கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்த ஐம்பதாயிரத்தை எப்படித் திருப்பிக் கேட்பது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்டிருக்கும் பெரிய கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம், ஏனென்றால் அதற்குப் பதில் தெரியாத பையன்களையும் அவர்களுடைய அம்மாக்களின் நகைகளையும் வைத்துத்தான் இந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். நான் பதினொரு வருடம் கப்பலில் இருந்தவன், அதற்குப் பிறகு பதினாறு வருடமாகக் கப்பலுக்கு ஆள் அனுப்பும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களைத் திருப்பி அனுப்பினார்களே, அதே மாதிரி நானும் நிறையப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நம் ஊரில் ஆபீஸ் இருக்கிறது என்கிறீர்கள். ஆபீஸ் நம் ஊரில் இருக்கிறது, சரி. கப்பல் எந்த ஊர்? முதலாளி கிரீஸில் இருப்பார், கப்பலை லைபீரியாவில் பதிவு செய்திருப்பார், சிங்கப்பூரில் ஒரு கம்பெனி அதை நிர்வாகம் செய்யும், அந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கிளை சென்னையிலும் மும்பையிலும் மணிலாவிலும் இருக்கும். கப்பலின் பின்புறத்தில் பெயருக்குக் கீழே லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் அந்தக் கப்பல் மன்ரோவியாவை ஒரு தடவைகூடப் பார்த்திருக்காது. அதன் மேல் பறக்கும் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அந்தத் தளத்தில் செல்லும். லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் இந்த மூன்று பதிவேடுகளில் மட்டும் உலகக் கப்பல் கொள்ளளவில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது. மாலுமி எந்த நாட்டுக்காரர் என்று இந்த மூன்றும் கேட்பதில்லை. சான்றிதழ் சரியாக இருந்தால் போதும். ஐடிஎஃப் என்ற சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1948-லிருந்து இந்த வசதிக் கொடி முறையை எதிர்த்துப் போராடிக்கொண்டுதான் இருக்கிறது, கொடிகளோ வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதையும் பாருங்கள். உலகக் கப்பல் கொள்ளளவில் இந்தியக் கொடியின் பங்கு ஏறக்குறைய ஒரு சதவீதம். உலக மாலுமிகளில் நம் ஆட்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். இந்தியக் கொடிக் கப்பலில் சட்டப்படி நாம்தான் உள்ளூர்க்காரர், அங்கே இந்தியரைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்தக் கப்பல்களில் நம் எல்லோருக்கும் இடம் கிடையாது. ஆக நம் ஆட்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க ஏறும் ஒவ்வொரு கப்பலிலும் வெளிநாட்டுக்காரர்தான். உங்கள் இடத்தைப் பிடித்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் பிலிப்பைன்ஸ்காரரும் அங்கே வெளிநாட்டுக்காரர்தான். நீங்கள் இருவரும் அசலூர்க்காரர்கள். அந்தக் கப்பலுக்கென்று ஒரு உள்ளூர்க்காரர் இருந்தார் என்றால் அது கிரேக்கரோ நார்வேக்காரரோ ஜப்பானியரோ, அவரை எப்போதோ இறக்கிவிட்டார்கள்.

அவரை எப்படி இறக்கினார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. 1970-களில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஜப்பானியர்கள் வெளிநாடு போகும் கப்பல்களில் வேலை பார்த்தார்கள். 1985-க்குப் பிறகு யென் மதிப்பு கிடுகிடுவென்று ஏறியது, சரக்குக் கட்டணம் டாலரில் வருகிறது, சம்பளம் யென்னில் போகிறது, கம்பெனிகளால் தாங்க முடியவில்லை. கப்பல்களைப் பனாமாவுக்கு மாற்றி ஆசிய ஆட்களை ஏற்றினார்கள், ஜப்பானியர் எண்ணிக்கை இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. நார்வே வேறு வழி பார்த்தது. கப்பல்கள் எல்லாம் வெளிக்கொடிக்கு ஓடுகின்றன என்று பார்த்து 1987-ல் தன் கொடிக்கே இரண்டாவது பதிவேடு ஒன்றைத் திறந்தது. கொடி நார்வே கொடிதான், ஆனால் வெளிநாட்டு மாலுமிக்கு அவர் நாட்டுச் சங்கத்தோடு பேசிய சம்பளத்தைக் கொடுக்கலாம் என்றது. டென்மார்க் 1988-லும் ஜெர்மனி 1989-லும் அதே வழிக்கு வந்தன. அமெரிக்கா மட்டும் 1920-ல் வந்த ஜோன்ஸ் சட்டத்தை இன்று வரை விடவில்லை. அமெரிக்காவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டுமென்றால் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும், முதலாளியும் மாலுமிகளும் அமெரிக்கராக இருக்க வேண்டும். அங்கே உள்ளூர் மாலுமிக்கு நல்ல சம்பளம், ஆனால் அந்தக் கப்பல்களும் குறைவு, செலவும் பல மடங்கு. ஆக, முதல் முடிவு எடுக்கப்படுவது மேஜையில் உங்கள் பயோடேட்டா வருவதற்குப் பல வருடங்கள் முன்பே. முதலாளி கொடியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே யாரையெல்லாம் ஏற்றலாம் என்பது முடிந்துவிடுகிறது.

சரி, சட்டம் கையைக் கட்டவில்லை, யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்புறம் என்ன பார்க்கிறார்கள்? பணம்தான். ஒரு கப்பலை ஓட்டும் அன்றாடச் செலவில், எரிபொருளையும் கடன் தவணையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழப் பாதி ஆள் செலவு. ரிப்பேர், ஸ்டோர்ஸ், இன்சூரன்ஸ் எதிலும் பெரிதாகக் கை வைக்க முடியாது, ஆள் செலவில் கை வைக்கலாம். ஆனால் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பிடிபடாது. நிரந்தர வேலையில் இருக்கும் ஒரு ஐரோப்பிய மாலுமி இரண்டு மூன்று மாதம் கப்பலில், அதே அளவு மாதம் வீட்டில் என்று இருப்பார், வீட்டில் இருக்கும்போதும் சம்பளம் ஓடும். அப்படியானால் கப்பலில் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேருக்கு வருடம் முழுக்கச் சம்பளம், அதற்கு மேல் ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்பு நிதி எல்லாம். நம் ஏபி, அதாவது தேர்ந்த டெக் மாலுமி, எட்டு ஒன்பது மாதக் காண்ட்ராக்டில் போவார். சைன் ஆஃப் செய்து இறங்கிய நாளோடு கணக்கு முடிந்தது. விடுப்புச் சம்பளம் என்று ஒரு தொகை மாதச் சம்பளத்திலேயே சேர்ந்து வந்துவிடும், வீட்டில் உட்கார்ந்திருக்கும் மூன்று மாதமோ ஆறு மாதமோ அவர் பாடு. அந்த மாதங்களின் செலவைக் கம்பெனி சுமக்கிறதா, மாலுமியின் குடும்பம் சுமக்கிறதா என்பதில்தான் இரண்டு ஆட்களுக்கும் உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி இருக்கிறது. ஐரோப்பிய அரசுகள் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் மாலுமிகளுக்கு வருமான வரியிலும் சமூக நிதியிலும் சலுகை கொடுத்தார்கள், அதனால்தான் அங்கே இன்னும் கொஞ்சம் பேராவது மிஞ்சியிருக்கிறார்கள். பிரிட்டனில் டன்னேஜ் வரி (கப்பலின் கொள்ளளவை வைத்துப் போடும் வரி) என்ற சலுகை வேண்டும் என்றால் பதினைந்து அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி அதிகாரி என்ற கணக்கில் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள்.

அடித்தளக் கூலி என்று ஒன்று இருக்கிறது. ஐஎல்ஓ என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு ஏபிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025-ல் மாதம் 673 டாலர், 2026 ஜனவரி முதல் 690 டாலர். ஓவர்டைமும் விடுப்புச் சம்பளமும் சேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஐடிஎஃப் ஒப்பந்தம் உள்ள கப்பலில் அதைவிட நன்றாகவே கிடைக்கும். இது உலகத்துக்கே ஒரே தளம், அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாடி. ஒரே வேலைக்கு நாட்டைப் பார்த்துச் சம்பளம் என்பது கப்பலைத் தவிர வேறு எந்தத் தொழிலில் இவ்வளவு வெளிப்படையாக நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் தேர்ட் மேட்டாக, அதாவது இளநிலை அதிகாரியாக, இருந்த ஒரு கப்பலில் இரண்டு ஃபிட்டர்கள் இருந்தார்கள். ஒருவர் போலந்துக்காரர், இன்னொருவர் கேரளத்துக்காரர். ஒருநாள் காலையிலிருந்து இரண்டு பேரும் எண்ணெயைச் சுத்தம் செய்யும் ஒரே பியூரிஃபையரைப் பிரித்துப் போட்டு வேலை செய்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மெஸ் ரூமுக்கு வந்தார்கள், இரண்டு பேர் கையிலும் ஒரே எண்ணெய்க் கறை. அன்றுதான் கேப்டன் மாதக் கணக்குச் சீட்டைக் கொடுத்திருந்தார். கேரளத்துக்காரர் தன் சீட்டை மேஜையில் விரித்து வைத்து வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று பேனாவால் கூட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்த போலந்துக்காரர் அதை எட்டிப் பார்த்தார், அப்புறம் தன் சீட்டை நாலாக மடித்துப் பாய்லர் சூட்டின் பைக்குள் வைத்துக்கொண்டார், வெளியே எடுக்கவே இல்லை. எனக்கு அந்த மடிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் நல்ல மனிதர், அந்த வித்தியாசத்துக்கு அவர் காரணமும் அல்ல. பிரிட்டிஷ் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரில் நம் பாட்டன்மார்களை ஆங்கிலேய மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் கொதிகலன் முன்னால் நிறுத்திய காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. 1914-ல் அப்படி ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். உங்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் அது உங்கள் வேலையின் மதிப்பு என்று ஒருநாளும் எண்ண வேண்டாம், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உள்ளூர் ஆளை இறக்கிவிட்டு வெளி ஆளை ஏற்றுவது எப்படி இருக்கும் என்று எல்லோரும் நேரில் பார்த்தது 2022-ல். மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் கம்பெனி, முன்கூட்டியே பதிவு செய்த ஒரு வீடியோ பேச்சில், 786 மாலுமிகளுக்கு இன்றோடு வேலை இல்லை என்றது. சங்கத்தோடு பேசவில்லை, நோட்டீஸ் இல்லை. ஏஜென்சி மூலம் புதிய ஆட்கள் ஏற்றப்பட்டார்கள், அவர்களில் நம் இந்தியர்களும் உண்டு. புதியவர்களுக்குச் சராசரியாக மணிக்கு ஐந்தரை பவுண்ட் என்று அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகியே நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். அன்றைக்கு பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.91 பவுண்ட். சங்கத்தோடு பேசியிருக்க வேண்டும் என்ற சட்டத்தை மீறினோம் என்பதையும் அவர் அங்கேயே ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேவுக்கும் நடுவில், பிரிட்டிஷ் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓடும் கப்பலுக்கு பிரிட்டிஷ் குறைந்தபட்சக் கூலி ஏன் பொருந்தவில்லை என்றால், அது சர்வதேசப் பாதை, கொடியும் வெளிநாட்டுக் கொடி.

அதற்குப் பிறகு நடந்ததை என் மேஜையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. புது ஆட்களோடு கிளம்பத் தயாரான கப்பல்களைப் பிரிட்டிஷ் கடல்சார் அதிகாரிகள் சோதித்தார்கள். ஒன்றை லார்ன் துறைமுகத்திலும் இன்னொன்றை டோவரிலும் பிடித்து வைத்துவிட்டார்கள். ஆட்களுக்கு அந்தக் கப்பல் பழக்கமில்லை, பயிற்சியும் ஆவணமும் சரியில்லை என்பதுதான் காரணம். உயிர்ப்படகு எந்தப் பக்கம், தீக்கதவை எப்படி மூடுவது என்பதையெல்லாம் புது ஆள் ஒரு வாரத்தில் கற்றுவிட முடியாது. பயணிகள் கப்பலில் இது விளையாட்டல்ல. 1990-ல் ஸ்காண்டினேவியன் ஸ்டார் கப்பல் தீப்பிடித்து 159 பேர் செத்தார்கள், அவசரமாகச் சேர்க்கப்பட்ட போர்த்துகீசிய மாலுமிகளில் பலருக்குப் பயணிகளின் மொழி தெரியவில்லை. அதனால்தான் ஃபெர்ரிகளில் உள்ளூர் ஆளுக்கு இன்னும் மவுசு இருக்கிறது. பிறகு பிரிட்டன் 2023-ல் ஒரு சட்டம் போட்டது, வருடத்துக்கு 120 தடவையாவது பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பலில் யாராக இருந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்கு இணையாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டணம் கட்ட வேண்டும் என்று. பிரான்சும் அதே வருடம் அதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது. என் கருத்து, எந்தக் கரையில் தொழில் செய்கிறாயோ அந்தக் கரையின் கூலியைக் கொடு என்பதுதான் சரியான வழி. அப்படிச் செய்தால் இந்திய ஆளுக்கு வேலை போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. சில வேலைகள் போகத்தான் செய்யும். ஆனால் வேறொருவனைத் தெருவில் நிறுத்துவதற்கு மலிவான ஆள் தேவைப்பட்டதால் கிடைத்த வேலை நமக்கு எத்தனை நாளைக்கு நிலைக்கும்? நாளைக்கு நம்மைவிட மலிவான ஆள் வந்ததும் நமக்கும் ஒரு வீடியோ வரும்.

இப்போது உங்கள் பிலிப்பைன்ஸ்காரரிடம் வருவோம். அவர் உங்களைவிட மலிவு என்று நினைக்காதீர்கள். ரேட்டிங் வேலையில் இரண்டு பேருக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அவரை எடுப்பதற்குக் காரணம், அவர் வரும் வாய்க்கால் முப்பது நாற்பது வருடமாக வெட்டி வைத்தது. ஜப்பானின் என்ஒய்கே கம்பெனி 2007-ல் பிலிப்பைன்ஸின் லகுனாவில் உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்ந்து ஒரு கடல்சார் அகாடமியே கட்டியது. பையன்களைப் படிக்கும்போதே தேர்ந்தெடுத்து, தன் கப்பலிலேயே பயிற்சி கொடுத்து, தன் கப்பலிலேயே அதிகாரியாக்குகிறது. அப்படி ஒரு வாய்க்கால் இருக்கும்போது வெளியிலிருந்து நீங்கள் பயோடேட்டாவோடு போய் நின்றால், நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உங்களுக்கு அங்கே வரிசையே கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம், வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். சீஃப் குக். இருபத்திரண்டு பேர் இருக்கும் கப்பலில் ஒரே ஒரு சமையல்காரர். அவர் மணிலாக்காரர் என்றால் காலையிலேயே பூண்டு சாதமும் அடோபோவும், நம் ஊர்க்காரர் என்றால் சாம்பாரும் சப்பாத்தியும். சாப்பாடு சரியில்லாத கப்பலில் மூன்றாவது மாதம் சண்டை வரும், ஆறாவது மாதம் இரண்டு பேர் வீட்டுக்குப் போகிறேன் என்பார்கள். அதனால் ரேட்டிங்குகளை ஒரே நாட்டு ஆட்களாக வைத்துவிடுவது சுலபம். ஒரே ஏஜென்சி, ஒரே விமானம், ஒரே சாப்பாடு. அதிகாரிகள் இந்தியர், ரேட்டிங் பிலிப்பினோ என்ற கலவை டேங்கர்களில் அடிக்கடி பார்க்கலாம். நீங்கள் போன கம்பெனியும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒரே நாட்டையே நம்பினால் என்ன ஆகும் என்பதையும் கம்பெனிகள் பட்டுத் தெரிந்துகொண்டன. 2021 ஏப்ரலில் இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது சிங்கப்பூரும் அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகமும் இந்தியாவிலிருந்து வரும் மாலுமிகளை மாற்ற விடமாட்டோம் என்றன. என் மேஜையில் முப்பது பேரின் டிக்கெட் ஒரே நாளில் ரத்தானது, அவர்கள் ஒருவர் மேலும் ஒரு குறை கிடையாது, பாஸ்போர்ட் மட்டும்தான் குறை. அடுத்த வருடம் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தபோது உலக மாலுமிகளில் 14.5 சதவீதம் பேர் இந்த இரண்டு நாட்டுக்காரர்கள் என்பது எல்லோருக்கும் உறைத்தது. சம்பளம் அனுப்ப வங்கி இல்லை, விமானம் இல்லை, ஒரே கேபின் வரிசையில் இரண்டு நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பிலிப்பைன்ஸுக்கும் ஒரு கண்டம் வந்தது. அங்கே பயிற்சித் தரம் சரியில்லை என்று ஐரோப்பியக் கடல் பாதுகாப்பு முகமை 2006 முதல் தணிக்கையில் குறை சொல்லிக்கொண்டே இருந்தது. ஐரோப்பியக் கொடிக் கப்பல்களில் இருந்த ஐம்பதாயிரம் பிலிப்பைன்ஸ் அதிகாரிகளின் சான்றிதழ் செல்லாமல் போய்விடுமோ என்ற நிலை. 2023 மார்ச் 31-ல்தான் அங்கீகாரம் தொடரும் என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது. இந்த மூன்று சம்பவங்களுக்குப் பிறகு நிறையக் கம்பெனிகள் இரண்டு மூன்று நாடுகளில் ஆள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தன. உங்களுக்கு வழி திறப்பது இந்த இடைவெளியில்தான்.

என் மேஜையில் ஒரு ராத்திரி எப்படி முடிவு எடுத்தேன் என்று சொல்கிறேன், அப்போது உங்களுக்குப் புரியும். பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்தில் கயிறு கட்டும்போது ஒரு ஏபிக்கு விரல் நசுங்கிவிட்டது. போன் வந்தபோது மணி இரண்டு. கப்பல் நாலு நாளில் கிளம்பும், அடுத்த துறைமுகம் அமெரிக்காவின் ஹூஸ்டன். பட்டியலில் மூன்று பெயர். இராமநாதபுரத்துப் பையன் ஒருவர், வேலையில் மூவரிலும் சிறந்தவர், ஆனால் அமெரிக்க விசா முடிந்துவிட்டது. இன்னொருவர் விசாகப்பட்டினம், மெடிக்கல் போன வாரம் காலாவதி. மூன்றாமவர் பிலிப்பைன்ஸின் செபூ, விசா, மஞ்சள் காய்ச்சல் ஊசி, மெடிக்கல், கொடி நாட்டுச் சான்று எல்லாம் கையில். செபூக்காரரை அனுப்பினேன். மறுநாள் இராமநாதபுரத்துப் பையன் போன் செய்து, "சார், பிலிப்பைன்ஸ் ஆளைத்தான் எடுப்பீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நாடு பார்த்து எடுத்த மாதிரி தெரியும், உள்ளே நடந்தது விசா ஸ்டிக்கர் இல்லாத ஒரு பாஸ்போர்ட்.

உங்களுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் நீங்கள் படித்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், உங்கள் பேட்ச்சில் ஏறியவர்கள் எந்தக் கம்பெனி வழியாக ஏறினார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். அந்தக் கம்பெனிகளில்தான் உங்களுக்கு வரிசை இருக்கிறது. இந்திய ரேட்டிங் எடுக்கும் கம்பெனி எது, எடுக்காத கம்பெனி எது என்று பிரித்துக்கொண்டு, எடுக்காத இடத்தில் வாசலில் நின்று நாளைக் கழிக்காதீர்கள். மாலுமிகளை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் உள்ள கம்பெனிகளின் பட்டியல், அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங்கின் இணையதளத்தில் இருக்கிறது, லைசென்ஸ் எண்ணும் செல்லுபடித் தேதியும் பார்த்துவிட்டு நேரில் போங்கள்.

அடுத்தது, சட்டப்படி நீங்கள் உள்ளூர்க்காரராக இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். இந்தியக் கொடியில் பெரிய கப்பல்கள் குறைவு, ஆனால் கரையோரச் சரக்குக் கப்பல், ஆஃப்ஷோர் சப்ளை கப்பல், டிரெட்ஜர் (தூர்வாரும் கப்பல்), டக் (இழுவைக் கப்பல்) என்று ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சம்பளம் வெளிக்கொடியைவிடக் குறைவு, சில இடங்களில் தாமதமாகவும் வரும், அதை மறைக்க மாட்டேன். சில வெளிநாட்டுக் கம்பெனிகள் டக்கில் ஓடிய அனுபவத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அதனால் தேர்வு இருந்தால் சரக்குக் கப்பலையோ ஆஃப்ஷோரையோ பாருங்கள். ஆனாலும் சிடிசியில் ஒரு சைன் ஆன் முத்திரைகூட இல்லாத பையனுக்கும் ஆறு மாத சீ டைமும் (கடல் அனுபவம்) வாட்ச்கீப்பிங் எனும் காவல் பணிச் சான்றும் உள்ள பையனுக்கும் என் மேஜையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம், ஏறிய பிறகு ரேட்டிங்காகவே நின்றுவிடாதீர்கள். ரேட்டிங்குக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள், நாடு பார்த்து மாற்றிவிடலாம். அதிகாரிகளுக்குத்தான் பற்றாக்குறை. 2026-க்குள் இன்னும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று கப்பல் முதலாளிகளின் அமைப்புகளே 2021-ல் கணக்குச் சொன்னார்கள். டேங்கர்களில் எண்ணெய்க் கம்பெனிகள் ஒரு கப்பலை வாடகைக்கு எடுக்கும் முன் அதன் அதிகாரிகள் இந்தப் பதவியில் எத்தனை வருடம், இதே கம்பெனியில் எத்தனை வருடம், இந்த வகைக் கப்பலில் எத்தனை வருடம் என்று கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை குறைந்தால் கப்பலுக்குச் சரக்கு கிடையாது. அதனால் அனுபவமுள்ள அதிகாரியை எந்தக் கம்பெனியும் நாட்டைப் பார்த்து அவசரமாக மாற்றாது. டெக்கில் 36 மாத சீ டைம் சேர்ந்ததும் செகண்ட் மேட் டிக்கெட்டுக்கு, அதாவது அதிகாரிக்கான தகுதிச் சான்றுக்கு, படிக்கப் போகலாம். என்னோடு போசனாக (டெக் மாலுமிகளின் மேஸ்திரி) இருந்த ஒருவர் முப்பத்திரண்டு வயதில் பரீட்சைக்கு உட்கார்ந்தார், இரண்டு தடவை தவறினார், இன்றைக்கு சீஃப் ஆபீஸர்.

ஏஜென்ட் விஷயம். எம்எல்சி என்ற கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படியும் நம் நாட்டு விதிப்படியும் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சிடிசி, மெடிக்கல் சான்று இவற்றின் செலவு மட்டும் நம்முடையது. விசாவும் விமான டிக்கெட்டும் கம்பெனி கணக்கு. கமிஷன், சர்வீஸ் சார்ஜ், டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது தவறு. நல்ல கப்பல் வைத்திருப்பவனுக்கு உங்கள் நாலரை லட்சம் தேவையில்லை. காசு வாங்கி ஏற்றும் கப்பல் பெரும்பாலும் எதுவென்று தெரியுமா? முப்பது வருடப் பழையது, கொடி ஏதோ பெயர் தெரியாத நாடு, முதலாளி போன் எடுக்க மாட்டான். 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் கைவிடப்பட்டதாக ஐடிஎஃப் கணக்கெடுத்தது, அதில் 899 பேருடன் முதலிடத்தில் இருந்தது நம் நாடு. அவர்களில் எத்தனை வீடுகளில் நகை அடகில் இருந்ததோ.

அதனால் இந்த வாரமே செய்ய வேண்டியது இது. அந்த ஏஜென்ட்டோடு பேசிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள், கையில் கொடுத்திருந்தால் தேதி, இடம், கூட யார் இருந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும்படி மெசேஜிலேயே எழுத்தில் கேளுங்கள், போனில் பேச வேண்டாம். ஆளுக்கு லைசென்ஸ் இருந்தால் டிஜி ஷிப்பிங்குக்கும் சென்னையில் உள்ள மாலுமிகளுக்கான சீமென்ஸ் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸுக்கும் புகார் கொடுங்கள், லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் சிலர் உடனே திருப்பித் தந்துவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாத ஆள் என்றால் நேராகப் போலீஸ், தூத்துக்குடி எஸ்பி அலுவலகத்தில் மனு கொடுங்கள், தனியாகப் போகாமல் அவரிடமே ஏமாந்த மற்ற பையன்களையும் தேடிச் சேர்த்துக்கொண்டு போங்கள், கட்டாயம் இருப்பார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நகைக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மெடிக்கலையும் மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் முடித்துவிட்டு, உங்கள் பேட்ச்சில் ஏறியவர்கள் எந்தெந்தக் கம்பெனி என்ற அந்தப் பட்டியலோடு மறுபடி எனக்கு எழுதுங்கள். எங்கே முதலில் போக வேண்டும் என்று உட்கார்ந்து பார்க்கலாம்.